யு, யுஏ, ஏ: ஒரு படம் 'சென்சார் ஆகிறது' என்றால் என்ன நடக்கிறது?

தியேட்டரில் விளக்கு அணைந்ததும் முதலில் வருவது ஒரு சான்றிதழ். படத்தின் பெயர், மொழி, ஓடும் நேரம், பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்களின் பெயர்கள், கூடவே யு, யுஏ, ஏ என்று ஏதோ ஒரு எழுத்து. சில வினாடிதான் நிற்கும். அந்த நேரத்தில் பாதிப் பேர் செல்போன் வெளிச்சத்தில் சீட் நம்பர் தேடிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் ஹீரோ பெயர் வரும்போது விசிலடிக்கத் தயாராகிக்கொண்டிருப்பார்கள், அதனால் அதை யாரும் படிப்பதில்லை. பழைய சான்றிதழ்களில் இடது கீழ் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் போட்டிருப்பார்கள். இந்தப் படத்தில் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. ஆக, எந்த வயதினர் பார்க்கலாம் என்று சொல்வதும் எதை யாருமே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வதும் ஒரே காகிதத்தில், ஒரே அலுவலகத்தில் நடக்கிறது. நம் ஊர் சென்சாரில் இருக்கிற குழப்பத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

முதலில் வயது விஷயம், அது சுலபம். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். எஸ் என்று ஒன்று உண்டு, மருத்துவர்கள் மாதிரி ஒரு குறிப்பிட்ட துறையினருக்காக. நாம் தியேட்டரில் அதைப் பார்க்கப் போவதில்லை, மறந்துவிடலாம். நடுவில் இருப்பது யுஏ. 1983-ல் வந்தது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டி வருவதற்கு முன் பெற்றோர் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் அர்த்தம். நாற்பது வருடம் குடும்பப் படம், அடிதடிப் படம், பேய்ப் படம் எல்லாம் இந்த ஒரே பிரிவில் வந்து விழுந்ததால் அந்த எழுத்துக்கு ஒரு பயனும் இல்லாமல் போனது. 2023 சட்டத் திருத்தம் அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரித்தது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் யுஏ வயதுகள் பெற்றோருக்கான ஆலோசனை மட்டும்தான். யுஏ 16+ படத்துக்குப் பத்து வயதுப் பையனைக் கூட்டிப் போனால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க முடியாது, பெற்றோரைத் தவிர வேறு யாரையும் இந்த வயது கட்டுப்படுத்தாது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஏ படம் அப்படியில்லை. 18 ஆகாதவரை உள்ளே விட்டால் தியேட்டர்காரர்தான் மாட்டுவார், அப்பா அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி.

இன்னொன்று. ஏ என்றாலே 'அந்த மாதிரி' படம் என்ற நினைப்பு நம் ஊரில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது. தமிழில் முதன்முதலில் ஏ வாங்கியதாகச் சொல்லப்படும் படம் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி', 1951. எதற்காக ஏ? அதில் வரும் பேய்க் காட்சிகளுக்காக! வன்முறை, போதை, பயமுறுத்தல், அரசியல், கெட்ட வார்த்தை, எதற்கும் ஏ கிடைக்கலாம். உணவுப் பாக்கெட்டில் இருக்கும் சைவ, அசைவக் குறி மாதிரி, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்வதோடு சான்றிதழின் வேலை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது கத்தரி. இந்தியாவில் படங்களை முன்கூட்டியே பார்த்து அனுமதி கொடுக்கும் ஏற்பாடு வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்தது. 1918-ல் சட்டம் போட்டு, 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் சென்சார் வாரியங்களை அமைத்தார்கள். அவர்களுக்கு இருந்த பயம் அரசியல் பயம். கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939-ல் வெளியாகி ஓடிய பிறகு தடை செய்யப்பட்டது அந்தப் பயத்தால்தான். சுதந்திரம் வந்த பிறகும் அந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. 1952-ல் புதிதாக ஒரு திரைப்படச் சட்டம் போட்டுக்கொண்டோம், அது இன்றும் இருக்கிறது. 1983-ல், நாம் சென்சார் போர்டு என்று சொல்லும் வாரியத்தின் பெயர் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் என்று மாறியது. தலைமையகம் மும்பை. சென்னை உட்பட ஒன்பது ஊர்களில் மண்டல அலுவலகங்கள் உண்டு.

எப்படி நடக்கும் என்றால், தயாரிப்பாளர் மனு போட்டு, கட்டணம் கட்டி, வசனத்தை எழுத்தில் கொடுத்து, முடிந்த படத்தைக் காட்ட வேண்டும். வாரிய அதிகாரி ஒருவரும் ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு பேரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்தக் குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. அவர்களுக்கு சினிமா தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டெல்லியில் ஆட்சி மாறினால் இங்கே நாற்காலிகளும் மாறும். தன் படத்தைத் தனக்கே பிடிக்காத தயாரிப்பாளர் என்று ஒருவர் இல்லாதது போல, சென்சார் குழு நியாயமாக நடந்துகொண்டது என்று சொல்லும் தயாரிப்பாளரும் அபூர்வம், அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் புகாரைக் கேட்க வேண்டும்.

குழு எதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறது? சட்டத்தின் 5பி பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றம் செய்யத் தூண்டுதல். இதில் எதற்காவது எதிராக இருந்தால் சான்றிதழ் கிடையாது. அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு ஒரு பக்கம் பேச்சுரிமையைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் இன்ன காரணத்துக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று சொல்கிறதே, அந்தக் காரணங்களைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். 'ஒழுக்கம்' என்பதற்கு எல்லை எது? அது அன்றைக்கு உட்கார்ந்து பார்க்கும் ஐந்து பேரைப் பொறுத்தது.

பார்த்து முடித்ததும் குழு தடை என்று சொல்வது குறைவு. பெரும்பாலும் நடப்பது பேரம். வெட்டாமல் அப்படியே வேண்டுமென்றால் ஏ, இந்த வசனத்தை மியூட் செய்து, அந்த ரத்தத்தைக் குறைத்து, இன்னொரு காட்சியை ப்ளர் செய்தால் யுஏ. முடிவைத் தயாரிப்பாளர் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் ஒத்துக்கொண்டால் கணக்கில் அது தானாக முன்வந்து செய்த மாற்றம். ஒத்துக்கொள்ளாவிட்டால் படத்தை மறுபடி பார்க்கும் ரிவைசிங் கமிட்டி என்ற இன்னொரு குழு, அதற்குப் பிறகு நீதிமன்றம். ரிலீஸ் தேதி அறிவித்து, தியேட்டர் பேசி, வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தில் இருக்கும்போது யார் நீதிமன்றத்துக்குப் போவார்கள்? சொல்லுங்கள். சென்சாரின் உண்மையான பலம் சட்டப் பிரிவில் இல்லை, இந்த வெள்ளிக்கிழமையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பேரத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது, பணம். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்திருந்த படம் 'எம் மகன்' ஆனதெல்லாம் அப்போதுதான். 2011-ல் அடுத்த ஆட்சி, தமிழ்ப் பெயர் மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனையை இறுக்கியது. யோசித்துப் பாருங்கள், ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் நடுவில் 30 சதவீதம் வரை வரி! அந்த வருடங்களில் யுஏ-வே தோல்வி மாதிரி ஆகிவிட்டது. இயக்குநர்கள் எடிட்டிங் மேசையிலேயே யு-வுக்காக வெட்டத் தொடங்கினார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிவிலக்குக் கணக்கு முடிந்தது, டிவி கணக்கு முடியவில்லை. ஏ படத்தை டிவியில் போட முடியாது, அதற்கென்று தனியாக வெட்டி மறுபடியும் சான்றிதழ் வாங்க வேண்டும், அதனால் சாட்டிலைட் ரைட்ஸ், அதாவது டிவியில் போடும் உரிமையின் விலை இறங்கும். வயது வந்தவர்களுக்கான படம் என்று தைரியமாகச் சொல்லி எடுக்கிறவர்கள் தமிழில் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ரசனையைத் திட்டுவது அப்புறம்.

கொஞ்சம் விலகி ஒரு விஷயம், ஏனென்றால் இதற்கெல்லாம் சென்சாரைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சிகரெட் காட்சியில் மூலையில் வரும் எச்சரிக்கை வாசகம், இடைவேளை முடிந்ததும் வரும் புற்றுநோய் விளம்பரம், இதெல்லாம் சுகாதார அமைச்சகத்தின் புகையிலை விதிகளால் வந்தவை. மாடு, குதிரை வரும் காட்சிகளுக்கு விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று தனியாக வேண்டும்.

சரி, பேச்சுரிமை இருக்கிற நாட்டில் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் இல்லாத முன்தணிக்கை சினிமாவுக்கு மட்டும் எப்படிச் செல்லும்? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துப் போனவர் இந்தி இயக்குநர் கே.ஏ. அப்பாஸ். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்தில் பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி கொஞ்சம் வந்தது, யு வேண்டுமானால் அதை வெட்டு என்றார்கள். 1970-ல் தீர்ப்பு வந்தது. அவர் தோற்றார். மற்ற எந்தக் கலையையும் விட சினிமா மனிதர்களின் உணர்ச்சியை ஆழமாகத் தொடுகிறது, அதனால் அதைத் தனியாக நடத்துவது தவறில்லை என்றது நீதிமன்றம். முன்தணிக்கை இன்றுவரை நிற்பது இந்தத் தீர்ப்பின் மேல்தான். எனக்கு அந்த வாதம் அன்றைக்கே பலவீனமாகத்தான் பட்டிருக்கும், எல்லோர் கையிலும் வீடியோ ஓடும் இன்றைக்கு அது இன்னும் பலவீனம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்கு 1952-லேயே வேறு பதில் சொன்னது, சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று. அங்கே 1968 முதல் படங்களுக்கு வயதுக் குறியீடு போடுவது ஸ்டூடியோக்களின் சங்கம், அரசு இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை, வாங்காவிட்டால் பெரிய தியேட்டர்கள் கிடைப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

அப்பாஸ் வழக்கால் ஒரு நல்லதும் நடந்தது. சென்சார் முடிவை எதிர்த்து முறையிட சுதந்திரமான ஓர் அமைப்பு வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது, அரசும் ஏற்றுக்கொண்டது. நம் வேகத்தில் அது நடைமுறைக்கு வர 1983 ஆனது, டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அமைந்தது. அதன் அருமைக்கு ஓர் உதாரணம் லீனா மணிமேகலையின் 'செங்கடல்'. தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கை அகதிகளையும் பற்றிய படம். சென்னையில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. தீர்ப்பாயம் 2011-ல் ஒரு வெட்டும் இல்லாமல் ஏ கொடுத்து அனுப்பியது. இப்படிப் பயன்பட்ட தீர்ப்பாயத்தை மத்திய அரசு 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தால் கலைத்துவிட்டது. இனி நேராக உயர் நீதிமன்றம்தான். பெரிய தயாரிப்பாளர் மூத்த வழக்கறிஞரைப் பிடித்துக்கொள்வார், சின்னப் பட்ஜெட்காரர் வெட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். போராடிப் பார்ப்பவர்களுக்கு எவ்வளவு காலம் ஆகலாம் என்பதற்கு ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலையைத் தொட்ட படம், 1990-களின் தொடக்கத்தில் எடுத்தது, தியேட்டருக்கு வந்தது 2007-ல்.

சான்றிதழ் கையில் வந்துவிட்டால் கதை முடிந்ததா? இல்லை, தமிழ்நாட்டில் பல நேரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அரசியல் சாசனத்தின்படி படத்துக்கு அனுமதி கொடுப்பது மத்திய அரசின் அதிகாரம், தியேட்டருக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசின் அதிகாரம். சட்டம் ஒழுங்கும் மாநிலத்தின் கையில். மும்பையோ டெல்லியோ சம்மதித்த படத்தை மாவட்ட ஆட்சியர் ஒரு தாளில் நிறுத்திவிடலாம். 2013 ஜனவரியில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' படத்துக்கு நடந்தது அதுதான். சான்றிதழ் இருந்தது. சில இஸ்லாமிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, மாவட்டந்தோறும் 144 தடை உத்தரவு போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி படத்தை விடச் சொன்னார், மறுநாளே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. கடைசியில் பேச்சுவார்த்தை நடத்தி, சில இடங்களில் மாற்றிக்கொண்டு, பிப்ரவரி 7-ம் தேதி இங்கே வெளியிட்டார்கள். மற்ற மாநிலத்தவர்கள் அதற்குள் பார்த்து முடித்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இப்படிச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே ஒரு தமிழ்ப் பட வழக்கில்தான், அதுவும் 1989-லேயே. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம், இட ஒதுக்கீட்டை விமர்சிக்கும் கதை. யு சான்றிதழ் வாங்கியிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழை ரத்து செய்தது. கலவரம் வரும் என்றது மாநில அரசு. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கருத்துக்கும் அதனால் வரும் ஆபத்துக்கும் இடையே இருக்கும் தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல உடனடியானதாக இருக்க வேண்டும், எங்கேயோ எப்போதோ ஏதாவது ஆகலாம் என்ற ஊகம் போதாது என்றது. ஊர்வலம் போவோம், அடிப்போம் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்கினால், மிரட்டுகிறவர்களிடம் அரசு சரணடைந்ததாக அர்த்தம், காப்பாற்றுவதுதான் அரசின் கடமை என்றும் எழுதியது. அந்தப் படம் சொன்ன கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. தீர்ப்போடு முழு உடன்பாடு. பிடிக்காத படத்துக்கும் சேர்த்துப் பேசாவிட்டால் அதற்குப் பேர் பேச்சுரிமை இல்லை, ரசிகர் மன்றம்.

மத்திய அரசுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. வாரியம் சான்றிதழ் கொடுத்த படத்தை அரசு திரும்ப எடுத்துப் பார்த்து முடிவை மாற்றலாம் என்று பழைய சட்டத்தில் ஓர் அதிகாரம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2000-ல் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 2021-ல் வெளியிட்ட மசோதா வரைவில் அதை வேறு வடிவத்தில் கொண்டு வரப் பார்த்தார்கள், கமல்ஹாசன், சூர்யா உட்படத் திரைத்துறையில் பலர் எதிர்த்தார்கள், 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.

ஆனால் தீர்ப்பு புத்தகத்தில் இருக்கும், போஸ்டர் தெருவில் இருக்கும். 2017-ல் 'மெர்சல்' படத்தில் ஜிஎஸ்டி பற்றி வந்த வசனத்துக்காகச் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டபோது, இது படம்தான், நிஜ வாழ்க்கை இல்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறுவருடம் 'சர்கார்'. இலவச மிக்ஸியைத் தீயில் போடும் காட்சிக்கு அப்போதைய ஆளுங்கட்சி கொதித்தது, பேனர்களைக் கிழித்தார்கள், வெளியான சில நாளிலேயே அந்தக் காட்சியும் ஒரு கதாபாத்திரத்தின் பெயரும் போயின. எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, சென்சாரும் கேட்கவில்லை. 2013-ல் 'மெட்ராஸ் கஃபே' இன்னும் சுலபமாக முடிந்தது. அரசு தடையே போடவில்லை, ஈழப் பிரச்சினையைக் காட்டிய விதத்தை எதிர்த்துத் தமிழ் அமைப்புகள் குரல் கொடுக்க, தியேட்டர்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இதில் எந்தக் கட்சியும் யோக்கியம் இல்லை. நமக்குப் பிடிக்காத படம் நின்றபோது நாமும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஓடிடி வந்ததும் சென்சார் ஒழிந்தது என்று சிலர் கொண்டாடினார்கள். அங்கே வாரியத்தின் சான்றிதழ் கட்டாயமில்லை என்பது உண்மை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி நிறுவனங்களே தங்கள் படங்களுக்கு யு, 7+, 13+, 16+, ஏ என்று வயது போட்டுக்கொள்ள வேண்டும், புகார் வந்தால் விசாரிக்க மூன்று அடுக்கு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தியேட்டருக்கு வந்த புதிய யுஏ பிரிவுகளும் இந்த ஓடிடி வயதுகளின் அச்சில் வந்தவைதான். ஆனாலும் தியேட்டரில் ஓடிய பல படங்கள் ஓடிடியிலும் அதே வெட்டிய, மியூட் செய்த வடிவத்திலேயே வருகின்றன. 2023 டிசம்பரில் நயன்தாராவின் 'அன்னபூரணி' முறையாகச் சான்றிதழ் வாங்கி தியேட்டரில் ஓடியது, பெரிய சத்தம் இல்லை. மாதக் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று புகார்கள் கிளம்பின, மும்பையில் வழக்குப் பதிவானது. ஜனவரியில் படத்தின் உரிமை வைத்திருந்தவர்களே கேட்டு அதை இறக்கிவிட்டார்கள். வாரியம் கொடுத்த சான்றிதழ் அப்போதும் செல்லுபடியாகத்தான் இருந்தது.